விதை வெங்காயம் தொங்கவிடுமுன் கூரைமரத்தின் பலத்தைக் கணக்கிடுங்கள்



விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலிலே தொங்கவிடுவது யாழ்ப்பாணத்தில் நன்கறிந்த முறையாகும். ஆயின், கொட்டிலின் மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மரம் முறிந்தால் அடுத்த போகத்திற்குரிய விதை நசிந்துபோகும். கீழே நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து நேரும்.

முதலிற் பாரத்தை அறிதல் வேண்டும். ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 51 கிலோகிராம். பத்து அந்தர் தொங்கவிட்டால் 510 கிலோகிராம். நாட்செல்ல வெங்காயம் காய்ந்து எடை குறையுமே எனக் கழித்துக் கணக்கிடாதீர்கள். முதல் நாளிலேயே மரம் முழுப் பாரத்தையும் தாங்கியாக வேண்டும்.

கைமரங்களிற் பிடிகளைக் கட்டுதல் கூடாது. அவை கிடுகையோ ஓட்டையோ சுமக்கின்றன. மழையில் நனைந்த கிடுகின் பாரமும் அவற்றையே சேரும். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் தீராந்திகளின் மேற் கழிகளைப் பரப்பி, அக்கழிகளிலே தொங்கவிடுங்கள்.

சம இடைவெளியில் மூன்று தீராந்திகள் இருப்பதாகக் கொள்வோம். 510ஐ மூன்றாற் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 170 கிலோ என்பது பிழையான கணக்கு. ஓரத்து மரங்கள் இரண்டும் கால்வாசி வீதம், ஏறத்தாழ 127 கிலோ தாங்க, நடுமரத்தில் 255 கிலோ இறங்கும். மூன்று மரங்களின் மேலும் ஒரே நீண்ட கழி கிடந்தால் நடுமரத்தின் பங்கு இன்னுங் கூடும். முகட்டைத் தாங்கும் குத்துக்கால் அதன்மேல் நின்றால் கூரையின் பாரமும் சேரும். ஆகையால் நடுமரத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

மரத்தின் பலம் அதன் உயரத்தையே பெரிதும் பொறுத்தது. 2 அங்குலத்திற்கு 4 அங்குல மரத்தைப் படுக்கையாக இடுவதிலும் நிறுத்தி இட்டால் இருமடங்கு பாரம் தாங்கும். வளைவோ நாலிலொன்றாகக் குறையும். தச்சர் சிலர் இதனைக் கவனியாது மரத்தைப் படுக்கையாக இட்டுவிடுகின்றனர். பழுதற்ற வைரமான மரமாயினும், 10 அடி நீளத்திற்கு இவ்வளவில் நிறுத்தி இடப்பட்டதில், பரவலாக 100 கிலோவுக்கு மேல் ஏற்றாதிருத்தல் நன்று. நாம் கண்ட 255 கிலோவுக்கு 2 அங்குலத்திற்கு 6 அங்குல மரமாவது வேண்டும். பாரம் முழுவதையும் நட்டநடுவிற் கட்டினால், பரவலாகத் தாங்குவதிற் பாதியையே மரம் தாங்கும்.

இக்கணக்கெல்லாம் நல்ல மரத்திற்கே பொருந்தும். சுவருக்குள் நுழையும் முனைகளைக் கத்தியாற் குத்திப் பாருங்கள். கறையான் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நடுப்பகுதியின் அடிப்புறத்திற் பெருங்கணு உள்ள மரத்தையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

பாரம் ஏற்றுமுன் தீராந்தியின் அடியில் முனைக்கு முனை நூல் கட்டி, நூலுக்கும் மரத்திற்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிது சிறிதாக ஏற்றி அளந்து பாருங்கள். 10 அடி மரம் நடுவில் 1 சென்ரிமீற்றருக்கு மேல் தொய்ந்தால் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள். நெடுநாட் பாரத்தில் மரம் மேலும் தொய்யுமாதலால் மாதம் ஒருமுறையேனும் அளத்தல் வேண்டும். தொய்வு கூடினால் பாரத்தை இறக்கி, நடுவிலே கல்லின் மேல் ஒரு தூண் நிறுத்தி முட்டுக் கொடுங்கள்.