வேலை செய்யுற மாத்திரையும் புது டாக்டரும்

(இந்த எபிசோடின் பேச்சு, வாசிப்பதற்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஒரு டாபிக்கை ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இன்னைக்குப் பேசிடலாம்.

மனநலத்துக்கு மருந்து எடுக்குற நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கு. மருந்து நல்லா வேலை செய்யுது, வாழ்க்கை ஓடுது. திடீர்னு வேலை மாறி வேற ஊருக்குப் போகணும், இல்ல நம்ம டாக்டரே ரிட்டயர் ஆகிடறார். அடுத்து பார்க்கப் போற சைக்கியாட்ரிஸ்ட் எல்லாத்தையும் மாத்திட்டா என்ன பண்றது?

எனக்கு பைபோலார். 23 வயசுல தெரிஞ்சது, சென்னையில. சரியான மருந்து கிடைக்க ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் மருந்துல நாள் முழுக்கத் தூக்கம். ரெண்டாவதுல எட்டு மாசத்துல 14 கிலோ ஏறினேன். மூணாவதுல கொஞ்சம் பரவாயில்லன்னு நினைக்கும்போதே திரும்ப மேனியா வந்து, மூணு நாள் தூங்காம, சேமிப்புல இருந்த பணத்தையெல்லாம் செலவு பண்ணிட்டு, நடுராத்திரி மேனேஜருக்கு ராஜினாமா மெயில் அனுப்பினேன். அதுக்கப்புறம்தான் லித்தியம். ராத்திரி 900 மில்லிகிராம், கூடவே குறைஞ்ச அளவுல க்வெட்டியாபின். அதுல நின்னேன். நாலு வருஷம் ஒரு எபிசோடு கூட இல்ல.

பரமபதம் ஆடியிருப்பீங்க. அத்தனை கட்டம் ஏறி மேல வந்தவங்களுக்குத்தான் பெரிய பாம்பு எங்க இருக்குன்னு தெரியும். டாக்டரை மாத்துறது எனக்கு அந்தக் கட்டம் மாதிரி.

என் சென்னை டாக்டருக்கு என்னைப் பத்தி ஃபைல்ல இல்லாத விஷயமும் தெரியும். "எப்படிம்மா இருக்க?"ன்னு கேட்பார். "பரவாயில்ல டாக்டர்"னு சொன்னா நிம்மதி ஆகிடுவார். "சூப்பரா இருக்கேன் டாக்டர்"னு சொன்னா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கின?"ன்னு கேட்பார். என் 'சூப்பர்' எதோட ஆரம்பம்னு அவருக்குத் தெரியும். பெங்களூருக்கு வேலை மாறினப்ப எனக்குக் கவலை மாத்திரையைப் பத்தி இல்ல. என் 'சூப்பரை' இனி யாருக்குப் புரியும்னுதான்.

பெங்களூருல முதல்ல பார்த்த டாக்டர்கிட்ட பத்து நிமிஷம் கூட ஆகல. பழைய சீட்டைப் பார்த்தார். "லித்தியம் பழைய மருந்து, கிட்னிக்கு நல்லதில்ல, இப்ப வேற இருக்கு"ன்னு புதுசா ஒண்ணு எழுதினார். இதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்தேன்னு கேட்கல. நானும் சொல்லல. ஆபீஸ் மீட்டிங்ல அவ்ளோ வாய் பேசுற நான், அங்க தலையாட்டிட்டு வந்துட்டேன்.

மெடிக்கல் ஷாப் வாசல்ல அந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு கால் மணி நேரம் நின்னேன். அப்புறம் சென்னை டாக்டருக்கு போன் பண்ணினேன். அவர் அந்த டாக்டரைத் திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டல.

"அவர் சொன்னது தப்புன்னு எப்படிம்மா சொல்றது? ஏன் மாத்தணும்னு கேட்டியா?"

"கேட்கல டாக்டர்."

"போய்க் கேளு. கேட்கிற வரைக்கும் பழைய மருந்தை நீயா நிறுத்தாத. ஆமா, ஜூன்ல பிளட் டெஸ்ட் எடுக்கச் சொன்னேனே, எடுத்தியா?"

வீடு மாத்துற அலைச்சல்ல மறந்துட்டேன்னு சொன்னேன். உண்மை என்னன்னா, அதுக்கு முந்தின டெஸ்ட்டையும் எடுக்கல. பதினாலு மாசம் ஆகியிருந்தது. நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசின்னு விட்டுட்டேன்.

திரும்பப் போய் அந்த டாக்டர்கிட்ட காரணம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" அவ்ளோதான், வேற ஒருத்தரைத் தேடினேன்.

ரெண்டாவது டாக்டர் ஒரு மேடம். அவங்களுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், நான் இங்கிலீஷ்லதான் பேசினேன். இந்தத் தடவை ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போயிருந்தேன். அவங்க அதை ரெண்டு தடவை படிச்சாங்க. "லித்தியம் உங்களுக்கு வேலை செய்யுது. நான் அதைத் தொடப் போறதில்ல. ஆனா அது உங்க உடம்பை என்ன பண்ணுதுன்னு தெரியாம தொடரவும் மாட்டேன்"னு சொன்னாங்க. டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. பீரியட்ஸ் வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்கன்னும் கேட்டாங்க. ஐபுப்ரோஃபென்னு சொன்னேன். அது ரத்தத்துல லித்தியம் அளவை ஏத்திவிடும், விட்டுடுங்கன்னாங்க. என் சென்னை டாக்டர் என்னைக்கோ சொன்னதுதான். நல்லா இருந்த நாலு வருஷத்துல நான் மறந்த விஷயங்கள்ல அதுவும் ஒண்ணு.

ரிசல்ட் வந்தது. லித்தியம் லெவல் 0.8. பொதுவா 0.6ல இருந்து 1.0 வரைக்கும் இருக்கலாம், அதனால ஓகே. கிட்னியும் ஓகே. ஆனா டி.எஸ்.எச். 11க்கு மேல. அதாவது என் தைராய்டு மந்தமாகியிருந்தது. லித்தியம் எடுக்குறவங்களுக்கு இது வரக்கூடியது, அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்றாங்க.

இப்ப சிரிக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா எனக்கு முடி கொட்டிக்கிட்டு இருந்தது. எப்பவும் அசதி. பெங்களூரு தண்ணி சரியில்லன்னு ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஷவர் ஃபில்டர் வாங்கி மாட்டியிருந்தேன்!

லித்தியம் அப்படியே தொடர்ந்தது. தைராய்டுக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்ந்தது. மூணு மாசத்துல அசதி குறைஞ்சது.

இதுல நான் கத்துக்கிட்டது இதுதான். மருந்தை மாத்தணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும். அந்தக் காரணத்தைக் கேட்க நமக்கு உரிமை இருக்கு. அதே மாதிரி மாத்தாம இருக்கவும் காரணம் வேணும். "நல்லா இருக்கேன்"னு நாம சொல்றது ஒரு பாதி காரணம்தான். மீதிப் பாதி அந்த ரத்தப் பரிசோதனையில இருக்கு. முதல் டாக்டர் என் கதையைக் கேட்காம மாத்தப் பார்த்தார். நான் என் உடம்பைக் கேட்காம மாத்த மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சேன். பெரிய வித்தியாசம் இல்ல.

சரி, உங்களுக்கு உபயோகமா சில விஷயம்.

ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே புது டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க. கையில ஒரு மாசத்துக்காவது மாத்திரை இருக்கட்டும். நடுவுல இடைவெளி விழுந்தா, பழைய டாக்டரே வீடியோ கால்ல பார்த்து அதே மருந்தைத் தொடர எழுதித் தர முடியுமான்னு கேளுங்க. நானும் அப்படித்தான் ஒரு மாசம் ஓட்டினேன்.

உங்க ரெக்கார்டுகளைக் கேட்டு வாங்குங்க. கூச்சப்படாதீங்க. 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 25வது பிரிவு, அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்குற உரிமையை நமக்குக் கொடுக்குது. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களைத் தரணும்னு 2002ல வந்த மருத்துவக் கவுன்சில் விதிமுறையும் இருக்கு.

அப்புறம் அந்த ஒரு பக்கம். என்ன பிரச்சினைன்னு கண்டுபிடிச்சாங்க, எப்போ. இப்ப என்ன மருந்து, எவ்ளோ, எந்த நேரம். இதுக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் என்ன, ஒவ்வொண்ணையும் ஏன் நிறுத்தினாங்க. ரொம்ப மோசமா இருந்தப்ப என்ன ஆச்சு. கடைசி டெஸ்ட் ரிசல்ட். வேற என்ன மாத்திரை போடுறீங்க, தலைவலி மாத்திரை உட்பட. கடைசியா, உங்களோட 'சூப்பர்' எது? அதாவது சரிய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட தெரியுற முதல் அடையாளம். அதை நீங்க எந்த மொழியில சொல்வீங்களோ அதே வார்த்தையில எழுதி, பக்கத்துல அர்த்தம் போடுங்க. மேடம் இப்ப என்னைப் பார்த்ததும் தமிழ்லயே கேட்கிறாங்க: "சூப்பரா, பரவாயில்லயா?"

புது டாக்டர் மருந்தை மாத்தணும்னு சொன்னா, எடுத்தவுடனே எதிரியா பார்க்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. ஏன் மாத்தணும்? மாத்தாம இருந்தா என்ன ஆகும்? எவ்ளோ நாள்ல, எப்படிப் படிப்படியா மாத்துவீங்க? லித்தியம் மாதிரி மருந்தைத் திடீர்னு நிறுத்தினா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். நிறுத்துறதா இருந்தா குறைஞ்சது நாலு வாரம், முடிஞ்சா மூணு மாசம் எடுத்து மெதுவா குறைப்பாங்க. இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையா பதில் சொல்றவர்கிட்ட உங்க ஃபைலை நம்பிக் கொடுக்கலாம்.

நான் டாக்டர் இல்ல, இது என் அனுபவம் மட்டும்தான். நடுவுல யார்கிட்டயும் பேச முடியாம தவிக்குறீங்கன்னா டெலி மானஸ் நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம்.

போன வாரம் சென்னை டாக்டருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப இனிமே நான் தேவையில்ல"ன்னு சிரிச்சார். எனக்குத்தான் கொஞ்சம் அழுகை வந்தது. "எப்படிம்மா இருக்க?"ன்னு கேட்டார்.

"பரவாயில்ல டாக்டர்"னு சொன்னேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம். டெஸ்ட் எடுக்க வேண்டியவங்க, இந்த வாரமே எடுத்துடுங்க.