கொரொங்கோசா: தந்தம் இழந்த பிடிகளின் நிலம்



ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே, மொசாம்பிக் நாட்டின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது கொரொங்கோசா தேசியப் பூங்கா. போர்த்துக்கீசியர் ஆட்சியில், 1960ஆம் ஆண்டு, அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குச் செல்வோர் ஒரே பயணத்தில் பல்வகை நிலங்களைக் காணலாம். மேற்கே 1,863 மீட்டர் உயர்ந்த மலையும் மழைக்காடும். கிழக்கே சுண்ணாம்புப் பாறைகளை ஆறுகள் அறுத்த ஆழ்ந்த பள்ளங்கள். இடையே உரேமா ஏரியும் அதனைச் சூழ்ந்த புல்வெளியும். மழைக்காலத்தில் ஏரி பெருகிப் புல்வெளியை மூடும். நீர் வடிந்தபின் தளிர்க்கும் பசும்புல்லை நாடி மான்கூட்டங்கள் வந்து சேரும். மலையில் பெய்யும் மழை ஏரிக்கு உயிர். ஆதலின் 2010ஆம் ஆண்டு மலையின் உயர்பகுதியும் பூங்காவுடன் இணைக்கப்பட்டது.

இத்துணை எழில் வாய்ந்த நிலம் ஒருகாலத்தில் போர்க்களமாயிற்று. 1977 முதல் 1992 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் இருதரப்பினரும் யானைகளை வேட்டையாடினர். தந்தம் படைக்கலங்களுக்கு விலையாயிற்று. இறைச்சி வீரர்க்கு உணவாயிற்று. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட யானைகள் மறைந்தன.

ஆண் யானையைக் களிறென்றும் பெண் யானையைப் பிடியென்றும் வழங்குவது தமிழ் மரபு. இந்தியப் பிடிக்கு நீண்ட தந்தம் இல்லை. ஆப்பிரிக்கப் பிடிக்கோ உண்டு. பிறவியிலேயே தந்தமற்ற பிடிகள் அங்குச் சிலவே. தந்தம் உள்ளவை வேட்டைக்கு இரையாக, இல்லாதவை பெரிதும் தப்பின. போருக்கு முன் நூற்றுக்கு ஏறத்தாழ 18 ஆக இருந்த தந்தமில்லாப் பிடிகள், போருக்குப் பின் ஏறத்தாழ 51 ஆயின. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் இப்பண்பு, ஆண் கருவிற்கு உயிர்க்கேடாகிறது என்பது 2021இல் வெளிவந்த ஆய்வின் முடிபு. எனவே துப்பாக்கி ஓய்ந்த பின்னும், பிறவாத களிறுகளின்மேல் அப்போர் தொடர்கிறது. மரப்பட்டை உரிக்கவும் மண்ணை அகழவும் உதவும் கருவியையும் அப்பிடிகள் இழந்துவிட்டன.

எனினும் நிலம் மீண்டு வருகிறது. 2008இல் அந்நாட்டு அரசும் அமெரிக்கரான கிரெக் கார் நிறுவிய அறக்கட்டளையும் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டன. 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து காட்டுநாய்கள் கொணரப்பட்டன. மான்களும் அரிமாக்களும் பெருகியுள்ளன.

அப்பூங்காவில் வண்டியோசை கேட்டுச் சினந்து திரும்பும் பிடியைப் பயணிகள் அஞ்சி நோக்குவர். அச்சினத்தின் காரணத்தை உணர்ந்து காண்போரே அந்நிலத்தை முழுமையாகக் கண்டவராவர். கல்வெட்டு கல்லில் மட்டுமன்று. உயிரின் உடலிலும் பொறிக்கப்படுகிறது.