தொட்டியில் ஒரு தோட்டம்



பெங்களூருக்குத் 'தோட்ட நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. இங்கே லால்பாக் இருக்கிறது. 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி அதைத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். இன்று அதன் பரப்பு சுமார் 240 ஏக்கர்.

ஆனால் இதே ஊரில் எத்தனையோ குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்கின்றன. அவர்கள் தோட்டம் போட இடம் ஏது?

இடம் இருக்கிறது. வாசல்படி ஓரம் போதும். சன்னல் ஓரம் போதும். தினமும் நான்கைந்து மணி நேரம் வெயில் பட வேண்டும். அவ்வளவுதான்.

தொட்டி வாங்கக் காசு வேண்டாம். ஓட்டைக் குடம், பழைய வாளி, எண்ணெய் டின், அரிசிச் சாக்கு எல்லாமே தொட்டிதான். பெயிண்ட் டப்பாவும் பூச்சிமருந்து டப்பாவும் மட்டும் கூடாது. அவற்றில் விஷம் ஒட்டியிருக்கும்.

அடியில் நான்கைந்து துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். வேர் அழுகும். துளை மேல் ஓட்டுச் சில்லு வையுங்கள். செம்மண், மக்கிய சாண எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

விதை எங்கே? உங்கள் அஞ்சறைப் பெட்டியில்! வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள். மேலே மெல்லிசாக மண் போடுங்கள். சுமார் 25 நாளில் கீரை பறிக்கலாம். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதையுங்கள். புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நடுங்கள். துளிர்க்கும்.

பிள்ளைகளுக்குக் கொட்டாங்குச்சி கொடுங்கள். அதன் கண்ணில் துளை போடுங்கள். வெளியே சுண்ணாம்பால் முகம் வரையட்டும். உள்ளே மண் போட்டுக் கடுகு தூவட்டும். நாலைந்து நாளில் பச்சைத் தலைமுடி முளைக்கும்!

தண்ணீருக்கு என்ன செய்வது? பெங்களூர் மேட்டு நிலத்தில் உள்ள ஊர். காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. பெரிய மோட்டார்கள் அதை மேலே ஏற்றுகின்றன. 2024 மார்ச் மாதம் ஊரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். பல ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. செடிகளுக்குக் குடிநீர் ஊற்றக் கூடாது என்று குடிநீர் வாரியம் அப்போது உத்தரவு போட்டது. மீறினால் 5000 ரூபாய் அபராதம்.

அப்படியானால் செடி வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம். அரிசி களைந்த நீரை ஊற்றுங்கள். காய் கழுவிய நீரை ஊற்றுங்கள். வீணாகும் நீரே சிறிய தொட்டிகளுக்குப் போதும். சோப்பு நீரும் உப்பு நீரும் ஆகாது. முதலில் மண்ணில் விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று. தொட்டியின் கீழே வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தது. தட்டை அடிக்கடி கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. தொட்டியின் மேல் செடியின் பெயரை எழுதுங்கள். விதைத்த தேதியையும் எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள். தினமும் படித்து நாளை எண்ணுங்கள். கீரையும் வளரும், கற்ற எழுத்தும் மறக்காது.

இன்றே ஒரு பழைய டப்பாவைத் தேடுங்கள்.