விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே

(இண்டூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காட்டு வேலையையும் மாட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து கூடியிருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருவோம். காசு கொடுத்து வாங்கிய விதை முளைக்காமற் போனால், வாங்கிய மோட்டார் ஒரு மாதத்தில் கருகிப் போனால், கையெழுத்திட்ட ஒப்பந்தம் கழுத்துக்குச் சுருக்காக மாறினால், நாம் என்ன செய்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலம் மிகுதி என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ராகியும் சாமையும் நிலக்கடலையும் வானத்தை நம்பி விதைக்கப்படுகின்றன. கிணற்று நீர் உள்ள இடத்தில் தக்காளியும் மரவள்ளியும் மஞ்சளும் விளைகின்றன. மானாவாரி நிலத்தில் ஒரு பட்டம் தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். விதைப் பையின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அந்த விதை கெட்டதானால் உழவுக் கூலி, எரு, ஆட்கூலி, பெய்த மழை, ஒரு வருஷத்துச் சாப்பாடு ஆகிய அத்தனையும் அதனோடு போய்விடுகின்றன. அப்படிப் போனபோதெல்லாம் நம் முன்னோர் விதியை நொந்துகொண்டு வாளாவிருந்தனர். இன்று அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை.

சட்டம் வந்த வழி

விற்பவர் தரமான பொருளை விற்க வேண்டும் என்ற விதி புதியதன்று. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே அது உண்டு. இன்ன காரியத்துக்கு இந்தப் பொருள் வேண்டும் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அக்காரியத்துக்குத் தகுதியுடையதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. ஆனால் இதை நிலைநாட்ட சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும்; கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும்; வக்கீலை அமர்த்த வேண்டும். ஒரு பை விதைக்காக இத்தனையும் செய்ய எந்தக் குடியானவரால் முடியும்?

இக்குறையை நீக்கவே 1986ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்துள்ளது. மாவட்டத்துக்கு ஓர் ஆணையம், மாநிலத்துக்கு ஓர் ஆணையம், தேசத்துக்கு ஓர் ஆணையம் என்று மூன்று படிகள் இச்சட்டத்தில் உள்ளன. வக்கீல் இன்றியே வாதாடலாம்.

ஆந்திர விவசாயிகளின் வழக்கு

“நாம் விதையை வாங்குவது விளைவித்து விற்பதற்காகத்தானே, நாம் எப்படி நுகர்வோர் ஆவோம்?” என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். இதே கேள்வியைத் தேசிய விதைக் கழகம் என்னும் பெரிய அரசு நிறுவனமே சுப்ரீம் கோர்ட்டில் எழுப்பியது. அந்த வழக்கை நாம் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

ஆந்திரப் பிரதேசத்தில் கர்நூல், மகபூப் நகர், குண்டூர் முதலிய இடங்களைச் சேர்ந்த விவசாயிகள் அக்கழகத்திடம் விதை வாங்கி விதைத்தனர். விளைச்சல் பொய்த்தது. அவர்கள் தத்தம் மாவட்ட நுகர்வோர் மன்றங்களில் முறையிட்டு வென்றனர். கழகம் மேல்முறையீடு செய்துகொண்டே சென்று, கடைசியில் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது.

கழகத்தார் நான்கு வாதங்களை முன்வைத்தனர். விதைக்கென்று 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் தனியே இருப்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது முதல் வாதம். விதை வாங்கியவர்கள் வியாபார நோக்கத்துடன் வாங்கினார்கள், ஆதலால் அவர்கள் நுகர்வோர் அல்லர் என்பது இரண்டாவது. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறது என்பது மூன்றாவது. விதையைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிச் சோதிக்கவில்லை என்பது நான்காவது.

2012 ஜனவரி 16 அன்று சுப்ரீம் கோர்ட் இந்நான்கையும் தள்ளிவிட்டது. விதைச் சட்டத்தில் விவசாயிக்கு நஷ்டஈடு அளிக்க வழி இல்லை. ஆகவே அவர் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக விதை வாங்குபவர் நுகர்வோரே. மத்தியஸ்த ஷரத்து இருப்பதனால் மன்றத்தின் கதவு அடைபடாது. நான்காவது வாதத்துக்குக் கோர்ட் அளித்த விடைதான் நம் மனத்துக்கு மிகவும் நெருங்கியது. பின்னொரு நாள் வழக்கு வரும் என்று எண்ணி எந்த விவசாயியும் விதையில் ஒரு பகுதியை எடுத்து வைப்பதில்லை. வாங்கியதை முழுதும் விதைத்துவிடுவதே வழக்கம். அவரிடம் மாதிரி கேட்பது பொருந்தாது என்று கோர்ட் கூறியது. நிலத்தில் இறங்கிப் பயிரைப் பார்த்தவர்கள் அளித்த அறிக்கைகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

தோற்ற வழக்கும் ஒரு பாடம்

வென்ற வழக்கை மட்டும் கூறித் தோற்றதை மறைப்பது நேர்மையாகாது. 2005ஆம் ஆண்டில் அரியானா விதை வளர்ச்சிக் கழகத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விவசாயிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம் என்ன? நிலத்தைப் பார்வையிட்ட நிபுணர்களின் அறிக்கை விதையைக் குற்றம் சாட்டவில்லை. பாசன நீரின் தன்மை, நீண்ட வறட்சி, விதைத்த முறை, மண்ணின் நிலை ஆகியவற்றாலும் பயிர் குன்றியிருக்கலாம் என்று இருந்தது.

இவ்விரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளைச்சல் குறைந்தது என்று கூறினால் மட்டும் போதாது. குறைவு விதையினால் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டும் சாட்சி நம் நிலத்தில் நிற்கும் பயிர்தான். மனம் நொந்து அதை உழுதுவிட்டாலோ, மாட்டை விட்டு மேய்த்துவிட்டாலோ சாட்சி அழிந்துபோகிறது. சட்டம் இரண்டு ஆண்டு காத்திருக்கும்; பயிர் இரண்டு மாதம் காத்திராது. நாம் இன்று சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள், ரசீது கேளுங்கள். ரசீதில் பயிரின் பெயர், ரகம், குவியல் எண், விலை, தேதி ஆகியன இருக்கட்டும். தெரிந்த கடைக்காரர் என்று கூச்சப்பட வேண்டாம். ரசீது கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. கடனுக்கு வாங்கினாலும் ரசீது உண்டு.

இரண்டாவது, பையில் உள்ள அட்டையைப் படியுங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல நிற அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும் இருக்கும். முளைப்புத் திறன், சோதித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பாருங்கள். சான்று விதையின் முளைப்புத் திறன் நெல்லுக்கு 80 சதவீதத்துக்கும், ராகிக்கு 75 சதவீதத்துக்கும், நிலக்கடலைக்கு 70 சதவீதத்துக்கும் குறையலாகாது.

மூன்றாவது, விதைப்புக்கு முன்னரே வீட்டில் சோதியுங்கள். நூறு விதையை எண்ணி நனைந்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் வைத்து, சில நாள் கழித்து எத்தனை முளைத்தன என்று எண்ணினால் போதும். மழை வருவதற்கு முன் தெரிந்துகொண்டால் பட்டம் தப்பாது.

நான்காவது, விதைத்த பிறகு பையையும் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். கோர்ட் வற்புறுத்தாவிடினும், ஒரு பிடி விதையை அந்தப் பையிலேயே கட்டி வைப்பது நமக்கு நல்லது. அறுவடை முடியும் வரை ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

உரம் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். யூரியா வேண்டுமானால் இந்த நுண்ணூட்டப் பொட்டலத்தையும் வாங்கியே தீர வேண்டும் என்று ஒரு கடையில் கட்டாயப்படுத்தினால், அதற்கு இணங்க வேண்டியதில்லை. ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று கிடைக்கும் என்பது தடைப்படுத்தும் வணிகம் என்று சட்டம் வகுத்துள்ளது. வேளாண்மை அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

பயிர் கெட்டால் செய்ய வேண்டியவை

முளைப்பு குறைந்தாலும், பூ வராவிட்டாலும், ரகம் கலந்திருந்தாலும், கண்டவுடன் வட்டாரத்து வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனுச் செய்யுங்கள். தோட்டப் பயிரானால் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு எழுதுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். விற்ற கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்து, நிலத்தை வந்து பார்க்குமாறு கேளுங்கள். அவர்கள் முன்னிலையில் நடந்த பார்வையிடலை அவர்களே பின்னர் மறுப்பது கடினம். பயிரையும் நிலத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அதே விதையை வாங்கிய பக்கத்து நிலத்துக்காரரின் பயிரும் அப்படியே இருக்குமானால் அதையும் அறிக்கையில் குறிக்கச் செய்யுங்கள். ஒரே குவியல் எண்ணில் பத்துப் பேர் பயிர் பொய்த்தால் அது வலுவான சாட்சி.

இதற்கும் பலன் கிட்டாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகள் மாவட்ட ஆணையத்தைச் சேர்ந்தவை. விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. கம்பெனி டில்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இணையவழியாகவும் மனுவை அனுப்பலாம். மூன்று மாதத்தில், சோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆவதுண்டு. இரு தரப்பாரும் இசைந்தால் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். யோசனை கேட்க 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் உள்ளது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உள்ளன. பெண்களும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வருமானக் கணக்கு இன்றியே இவ்வுதவியைப் பெறலாம்.

அச்சிட்ட ஷரத்துகள்

டிராக்டர் கடனுக்கும், சொட்டுநீர்க் கருவிக்கும் கம்பெனியார் நீட்டும் தாளில் பொடி எழுத்தில் பல ஷரத்துகள் இருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்திடவே கூடாது. படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்திட்டுவிட்டோமே என்று முற்றிலும் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்தம் எது என்பதை 2019ஆம் ஆண்டின் சட்டம் எடுத்துக்காட்டுகிறது. அளவுக்கு மீறிய முன்பணம் கேட்பது, நேர்ந்த நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பது, உரிய அபராதத்தைச் செலுத்திக் கடனை முன்கூட்டியே தீர்க்க வந்தால் மறுப்பது, தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிப்பது, நம் இசைவின்றி நமக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றுவது ஆகியவை அதில் அடங்கும். இத்தகைய ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடலாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

கம்பெனி மீது தீர்ப்புக் கூறும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. ஆயினும் தனி மனிதரால் ஆகாததைப் பஞ்சாயத்து எளிதில் செய்யும். விதைப்புக்கு முன்னர் கூடும் கிராம சபையில் வேளாண்மை அலுவலரை அழைத்து அட்டையைப் படிக்கும் முறையைக் காட்டச் செய்யலாம். ஊரில் யார் எந்தக் கடையில் எந்தக் குவியல் எண் விதையை வாங்கினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கலாம். ஒருவர் பயிர் கெட்டது தெரிந்தால், அதே எண்ணுள்ள மற்றவர்களுக்கு அன்றைக்கே சொல்லி, அனைவரும் சேர்ந்து ஒரே நாளில் மனுக் கொடுக்கத் துணை நிற்கலாம். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதித் தரப் படித்த இளைஞர் இருவரை ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.

பெருமக்களே! வியாபாரிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் கூறவில்லை. நல்ல சரக்கை நல்ல விலைக்கு விற்கும் கடைக்காரர் நமக்கு உற்ற துணைவர். ரசீது கேட்பதால் அவர் மனம் வருந்தமாட்டார். சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அதன் கையில் கொடுக்க ஒரு ரசீதும், ஓர் அட்டையும், நிலத்தில் நிற்கும் பயிரைப் பார்த்தெழுதிய ஓர் அறிக்கையும் நம்மிடம் இருக்க வேண்டும். வரும் பட்டத்தில் இண்டூர் வட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விதைப் பையோடு ரசீதும் இருக்கும் என்று நம்புகிறோம்.