ஊசி முனையில் ஒரு கதை

காது குத்தும் சடங்கை நேயர்கள் அறிவீர்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. கையில் ஒரு வெல்லக்கட்டி. எதிரே ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டுவார். பத்தர் ஊசியை எடுக்கும் வேளையில் குழந்தையின் கண் வேறெங்கோ இருக்கும். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே போற்றும் இச்சடங்கில் நல்லதொரு மருத்துவ நுட்பம் அடங்கியிருக்கிறது.

அதே குழந்தைக்கு மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும்போது அந்த நுட்பம் மறந்துபோகிறது. மல்லாக்கக் கிடத்திக் கைகால்களை அழுத்திப் பிடிக்கின்றனர். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய்யும் சொல்கின்றனர். வலித்தபின் அக்குழந்தை யாரை நம்பும்?

வலிச் செய்தி முதுகுத் தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் ஆணை அவ்வாயிலைக் குறுக்க வல்லது என்றும் 1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் கூறினர். அக்கொள்கை பின்னர்ப் பல திருத்தங்களைப் பெற்றது. எனினும் கவனம் வேறிடத்தில் இருக்கையில் வலி குறைவாக உணரப்படுகிறது என்பதில் ஐயமில்லை. தடுப்பூசியின்போது பெற்றோர் உடனிருத்தலும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுதலும், சிறுவர்களின் கவனத்தைத் திருப்புதலும் நலம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் பரிந்துரைத்தது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. திருப்பதியில் 2021-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் குழந்தைகளுக்கென்றே இருதய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியது. இருதய நோயுள்ள குழந்தைக்கு ஊசி ஒருநாளோடு முடிவதில்லை. முதல் ஊசியின் அச்சம் அடுத்த ஊசிக்கும் தொடரும். செவிலியர் தெலுங்கில் எவ்வளவு அன்பாகப் பேசினும், தமிழ் மட்டுமே அறிந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஓசையே. அங்கே கதை சொல்லத் தக்கவர் தாயோ தந்தையோதான். ஆகவே 'வெளியே இருங்கள்' என்று சொல்லப்பட்டால், உடனிருக்க இசைவு தருமாறு பணிவோடு கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் படம் காட்டினால் போதாதா எனச் சிலர் வினவுவர். அதுவும் பயன்படும். ஆயினும், பிள்ளையையே ஏதேனும் செய்ய வைப்பது அதனினும் மேல் என்பது நம் கருத்து. சோப்பு நுரைக் குமிழ் ஊதச் செய்யலாம், விடுகதை போடலாம், பெரிய பிள்ளையாயின் நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லலாம். எலும்பு முறிவைச் சீர்படுத்துவதற்கும், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கும் இவை மட்டும் போதா. அங்கே வலிநீக்கி மருந்தைக் கேட்டுப் பெற வேண்டும். விளையாட்டை ஊசி வருமுன்னரே தொடங்கி, பஞ்சு வைத்து அழுத்திய பின்னும் சற்று நேரம் தொடர்வது நன்று.