பிள்ளைக்குத் தைப்போம், பிள்ளையை வைத்துத் தைக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் பயிற்சியாளர் ஆற்றிய உரை)



"சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தையலும் கைவேலையும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கணும் என்றும் சொன்னார்கள். தையல் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இது சுலபமான தலைப்புதான். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் நின்றுகொண்டு வீட்டுக் கைவேலை, குழந்தைகள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, பேச வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுகிறேன்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறுவருஷம் சிவகாசியில் தொழில் தொடங்கியது. மழை இல்லாத, விளைச்சல் இல்லாத நம்ம கரிசல் பூமிக்கு அது சோறு போட்ட தொழில், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலின் ஒரு பாதி ஆலையில் நடக்கவில்லை, நம்ம வீட்டுத் திண்ணையில் நடந்தது. பெட்டி ஒட்டுகிற வேலை வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீட்டிலும் வந்தது. அம்மா அடிப்பெட்டி ஒட்டுவார்கள், நானும் அக்காவும் மேல்பெட்டி ஒட்டுவோம், தம்பி வெயிலில் காய வைத்து எடுப்பான். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். எங்களை யாரும் அடித்து வேலை வாங்கவில்லை. கதை பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டேதான் ஒட்டினோம். ஆனால் கணக்கு நோட்டில் ஏறியது அம்மா பேர் மட்டும்தான். ஒரு நாளைக்கு இத்தனை குரோஸ் என்று எழுதுகிறவருக்கு, அது இரண்டு கை ஒட்டியதா எட்டுக் கை ஒட்டியதா என்று தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. எட்டுக் கை செய்த வேலை ஒருத்தி செய்த வேலையாக எழுதப்பட்டதால், கூலியும் எட்டுக் கை உழைத்தால்தான் ஒரு குடும்பத்துக்குக் கட்டுபடியாகும் என்ற அளவிலேயே நின்றது. இது எனக்கு நான் குழுவில் சேர்ந்து கணக்கு எழுதப் பழகின பிறகுதான் புரிந்தது.

சட்டம் வரவில்லையா என்றால், வந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அதில் தடை செய்யப்பட்ட வேலைகள்தான். ஆனால் குடும்பத்தார் உதவியோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதிலேயே ஒரு விலக்கும் இருந்தது. ஆலைக் கதவைப் பூட்டிவிட்டு நம்ம வீட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆச்சு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டணும், அது அந்தப் பிள்ளைகளின் நலனுக்கான நிதியில் சேரணும் என்றது. பிறகு 2016-ல் சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். அப்போதும், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம், ஆபத்தான வேலையாக இல்லாவிட்டால் போதும் என்று ஒரு வரி இருக்கிறது.

இப்போது தீப்பெட்டிக்கு அட்டையும் மிஷினும் வந்துவிட்டது. வீட்டில் பசை கிண்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் தையல் வந்திருக்கிறது. தளவாய்புரம், முகவூர் பக்கம் நைட்டித் தையல் எப்படி நடக்கிறது என்று அந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொரோனா சமயத்தில் தமிழ்நாடு முழுக்கக் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தோம். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" அறிவித்த பிறகு துணிப்பை ஆர்டர் வர ஆரம்பித்தது. நல்ல விஷயம். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தையலில் ஆபத்து ஒன்றும் இல்லை, அதனால் சட்டப்படி பிள்ளை உதவலாம் என்று வாதம் பண்ணலாம். பண்ணுகிறார்கள். "சும்மா டி.வி. பாக்குறதுக்கு நாலு பிசிறு வெட்டினா என்ன தேஞ்சு போகுது?" என்று போன மாதக் கூட்டத்தில் ஒரு மதினி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். பிள்ளை பாதியில் ஊசியை வைத்துவிட்டு விளையாடப் போனால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? கோபம் வந்தால் அது வேலை. வராவிட்டால் அது விளையாட்டு, படிப்பு, என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் பாருங்கள். தைத்து முடித்த பொருள் யாரிடம் போகிறது? பிள்ளை தைத்த பொம்மை பிள்ளையோடு படுத்துத் தூங்கினால் சரி. மூட்டையில் ஏறி லாரிக்குப் போனால் சரியில்லை.

மிஷின் ஓட்டுவது பெரியவர்கள்தான், பிள்ளைக்கு எட்டாது. பிள்ளை கைக்குப் போவது எல்லாம் கடைசி வேலைகள்: பிசிறு நறுக்குவது, ஊக்கு வைப்பது, பொத்தான் தைப்பது, பையைத் திருப்பிப் போடுவது, மடித்து அடுக்குவது. ஆர்டர் எடுக்கும்போது இந்த வேலைகளுக்குத் தனிக் கூலி பேசுவதே இல்லை, தையல் கூலியிலேயே அடங்கிவிடுகிறது. கூலி இல்லாத வேலை வீட்டில் யார் தலையில் விழும்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் நம்ம கூட்டமைப்பு அடுத்த ஆர்டர் எடுக்கும்போது, கடைசி வேலைகளைப் பொது மையத்தில் வைத்து, அதற்கென்று தனிக் கூலி போட்டு, வயசான அம்மாக்களுக்கும் மிஷின் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் கொடுக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் தைக்க எடுத்துப் போகிறவர்களுக்கு ஒருத்தி ஒரு நாளில் தைக்க முடிந்த எண்ணிக்கைக்கு மேல் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரிகள் மையத்துக்கு வர முடியாதே என்று கேட்பீர்கள். உண்மைதான், இதனால் அவர்கள் வருமானம் கொஞ்சம் குறையும், நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டு வயசு தாண்டின பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போகிற காலை நேரத்தில் மையத்தைத் திறந்து வைத்தால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு என்ன செய்வது என்று குழுவாரியாகப் பேசித்தான் முடிவு பண்ணணும்.

சரி, இப்போது பிள்ளைகளுக்காகத் தைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் மனசுக்குப் பிடித்த பகுதி இது.

குழந்தைக்குப் புதுத் துணியைவிடப் பழைய நூல் சேலைதான் நல்லது. பலமுறை துவைத்து மெத்துன்னு ஆகியிருக்கும், கஞ்சி போயிருக்கும், சாயம் விட வேண்டியது எல்லாம் விட்டிருக்கும். நம்ம அருப்புக்கோட்டை, சுந்தரபாண்டியம் தறிச் சேலை நைந்த பிறகும் வீணாகாது. முந்தானை ஓரமும் உட்காருகிற இடமும்தான் முதலில் போகும். அதைத் தள்ளிவிட்டு மீதியில் வெட்டினால் இரண்டு வயசுப் பிள்ளைக்கு மூன்று, நாலு கவுன் தாராளமாக வரும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லணும். வெடி வேலைக்குக் கட்டிப் போன சேலை, எத்தனை தடவை துவைத்திருந்தாலும், பிள்ளைக்கு வேண்டாம். தூளிக்கும் வேண்டாம், விரிப்புக்கும் வேண்டாம். அலுமினியப் பொடியும் கந்தகமும் மடிப்பிலும் தையல் ஓரத்திலும் தங்கும். வேலையிலிருந்து வந்ததும் சேலை மாற்றி, கை கால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாக ஊற வையுங்கள். பிள்ளைகள் தீபாவளிக்கு மறுநாள் தெருவில் பொறுக்கி வருகிற குழாயும் ஜிகினாப் பேப்பரும் கைவேலைக்கு ஆகாது, வெடிக்காத மருந்து உள்ளே இருக்கும். தீபாவளிச் சட்டையும் பருத்தியாகவே இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் தீப்பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத் துணி நெய்கிறார்கள். மெல்லிசாக இருக்கிறதே என்று அதில் சட்டை தைக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். வேண்டாம்மா. நெசவு தளர்வு, நூல் பிரிந்து வந்து குழந்தையின் விரலைச் சுற்றிக்கொள்ளும். அதே காரணத்துக்காக, கைக்குழந்தைச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்துப் பிசிறை ஒட்ட நறுக்குங்கள். கழுத்தில் நாடா வேண்டாம், தோளில் சின்ன முடிச்சு போதும். மூன்று வயசு வரைக்கும் பொம்மைக்குப் பொத்தான் கண் வேண்டாம், நூலில் கண் போடுங்கள். தூளியில் பெரிய பிள்ளையை முறுக்கிச் சுற்றி விளையாட விடாதீர்கள். கழுத்து இறுகிப் போன செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

பாவாடைக்கு டக்கு வைக்கிற பழக்கம் இப்போது குறைந்து வருகிறது. அதை மறுபடி கொண்டு வரணும். ஒரு அங்குல டக்கு ஒன்று வைத்தால் இரண்டு அங்குலத் துணி உள்ளே அடங்கும். இரண்டு டக்கு வைத்தால் நாலு அங்குலம். வருஷம் ஒன்று பிரித்துவிட்டால் அஞ்சு வயசில் தைத்த பாவாடை ஏழு வயசு வரைக்கும் வரும். பிரித்த இடத்தில் நிறம் வேறாகத் தெரியும், அந்தக் கோட்டு மேலே சங்கிலித் தையல் ஒன்று ஓட்டினால் வேலைப்பாடு மாதிரி ஆகிவிடும். மிச்சமான காசைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள், ஒரு மாதச் சந்தா வரும்.

துண்டுத் துணிகளைத் தூக்கிப் போடாதீர்கள். வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹலியால் பக்கம் சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்தவர்கள். அவர்கள் பழந்துணியில் ஒட்டுப்போட்ட விரிப்பு தைப்பார்கள். மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைக்காமல் அந்த விரிப்பை முடித்ததாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். அளந்து வெட்ட வேண்டியதில்லை, மிஷின் வேண்டியதில்லை, வெறும் ஓட்டுத் தையல். நம்ம வீட்டில் பாட்டி தைக்கிற கந்தல் மெத்தைக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிள்ளையும் கூட உட்கார்ந்து செய்யட்டுமே என்றால், தாராளமாகச் செய்யட்டும். சிவகாசி காலண்டர் இல்லாத வீடு நம்ம ஊரில் உண்டா? ஜனவரி வந்தால் பழைய தினசரி காலண்டர் அட்டை கிடைக்கும். சாமி படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டு ஷூ நாடாவைக் கொடுங்கள். மூன்று வயசுப் பிள்ளை கோத்துக் கோத்து எடுக்கும். நாலு வயசில் அதே அட்டையில் இரண்டு துணியை ஒட்டி, ஒரு பக்கம் பெரிய பொத்தான், மறுபக்கம் காஜா வைத்துக் கொடுங்கள். இது நானாகச் சொல்வது இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் பொத்தான், கொக்கி, நாடா என்று தனித்தனிச் சட்டம் செய்து குழந்தைகளுக்குப் பழக்கினார். அந்த அம்மா 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பெரிய பள்ளிகளில் விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிற சாமான் அது. நம்மிடம் அட்டையும் துணியும் சும்மா கிடக்கிறது.

ஏழு, எட்டு வயசுப் பிள்ளைக்குக் கிளி தைக்கச் சொல்லிக் கொடுப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைத் தினமும் புதுசாக, இலையும் பூவும் வைத்துக் கையாலேயே கட்டுகிறார்கள், மாதுளம்பூதான் மூக்கு. நாம் பச்சை பிளவுஸ் துண்டில் இலை வடிவத்தில் இரண்டு வெட்டி, ஓரத்தை ஓட்டுத் தையல் போட்டு, உள்ளே நறுக்கின துணியை அடைத்து, சிவப்புத் துண்டில் மூக்கு வைத்தால் முடிந்தது. கோணலாக வரும், வரட்டும். பிரித்து நீங்கள் சரியாகத் தைத்துக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. உட்காரும்போது எத்தனை ஊசி கொடுத்தோமோ எழுந்திரிக்கும்போது அத்தனை ஊசியை எண்ணி வாங்குங்கள். எண்ண வேண்டியது அது ஒன்றுதான்.

பையன்களையும் உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் மிஷின் போட்டுத் தையல் கடை வைத்திருப்பது பெரும்பாலும் ஆம்பிளைகள், வீட்டில் மட்டும் சட்டைப் பொத்தான் அறுந்தால் அம்மாவைத் தேடுகிறார்கள். இது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் நம்ம மையத்தில் பிள்ளைகளோடு வந்து உட்காரலாம் என்று செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆர்டர் துணி எதுவும் அந்த நேரத்தில் மேசை மேல் இருக்காது, அதற்கு நான் பொறுப்பு. துண்டுத் துணிப் பெட்டி ஒன்று வாசலில் வைத்திருக்கிறேன், வீட்டில் இருப்பதைத் துவைத்துக் காய வைத்துக் கொண்டு வந்து போடுங்கள். கடைசி வேலைக்குத் தனிக் கூலி என்ற விஷயத்தைத் தலைவி அவர்கள் மதியக் கூட்டத்தில் எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு யாரும் பஸ்ஸைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட ஆள் வேணும். கவுனுக்கும் கிளிக்கும் காகித மாதிரி வெட்டி பின் மேசையில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.