குதிரை வாங்கும் முன் பேசி எழுதுவோம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையைப் பார்த்துட்டு வந்து, நாலு பேர் சேர்ந்து குதிரைப் பண்ணை வைக்கலாமான்னு கேட்டீங்க. யோசிப்போம். ஆனால் ஆடு 5 மாதத்தில் குட்டி போடும். குதிரைக்குச் சினைக்காலமே 11 மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. அது வளர்ந்து விலை போகும் வரை தீவனச் செலவு யாருடையது?

1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், நாம் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாவிட்டால், லாபமும் நட்டமும் சமபங்கு என்கிறது. தினமும் லாயம் கூட்டி, புல் அறுத்துப் போட்டவருக்குத் தனிக் கூலி கிடையாது. தொழில் கடன் முழுவதையும் ஒருத்தரிடமே கேட்கலாம்.

அதனால் யார் பணம் எவ்வளவு, யார் உழைப்புக்கு என்ன கூலி, குதிரை செத்தால் என்ன, ஒருத்தர் விலகினால் கணக்கு எப்படி? எல்லாத்தையும் பத்திரத்தில் எழுதுவோம். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்து போடுவோம்.